புள்ளியக்கா

தாடையை வைக்கும் தாங்கியைப் புள்ளியக்கா முதலில் பஞ்சால் துடைப்பார். பிறகு உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்து, குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். அறையின் குளிரில் அந்த உலோகம் விறைத்துக் கிடக்கும். அதில் திடீரென்று தாடை பட்டால் ஆள் உடம்பை உதறிக்கொள்வார், இமைகள் படபடக்கும், கருவிக்குக் கண் பிடிபடாது. கையின் சூடு கொஞ்சம் அதற்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தோன்றிய பிறகுதான் வெளியே காத்திருப்பவரைக் கூப்பிடுவார்.

"வாங்க, உக்காருங்க. தாடைய இதுல வைங்க. பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி முழிக்காதீங்க, நான் ஒண்ணையும் புடுங்க மாட்டேன்."

வந்தவர் சிரிப்பார். சிரித்து ஓய்ந்த முகத்தில் கண்கள் தளர்ந்திருக்கும். அந்த நேரம் பார்த்து விளக்கை அணைத்துவிட்டு, "புள்ளிய பாருங்க" என்பார்.

இருண்ட திரையின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும். அணையும். மேல் மூலையில் தோன்றும். அணையும். ஒன்பது இடங்களில் இப்படித் தோன்றி மறைவதற்குள் திரைக்கு அடியில் இருக்கும் சின்னக் கேமரா அந்த மனிதரின் பார்வையைப் பழகிவிடும். அதன்பிறகு அவர் எங்கே பார்த்தாலும் பக்கத்து மேசைத் திரையில் அதே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி போய் உட்காரும். நாளெல்லாம் "புள்ளிய பாருங்க, புள்ளிய மட்டும் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே புள்ளியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கதவில் முனைவர் பட்டத்தோடு முழுப்பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவரான பேராசிரியரே "புள்ளி எங்க?" என்றுதான் கேட்பார்.

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்போது கண்கள் எங்கெங்கே போய் வருகின்றன, திரையில் தெரியும் உயிரற்ற ஓர் உருவத்தோடு பேசும்போதும் அப்படியே போய் வருகின்றனவா என்று பார்ப்பது அங்கே வேலை. பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், நடைபாதை முடியும் இடத்தில், கறுப்புத் திரைச்சீலை போட்ட ஓர் அறை. மதியம் இரண்டு மணிக்கும் உள்ளே அந்தி வேளைதான்.

திரையில் வருகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். தோள்வரை முடி, சாம்பல் நிறச் சட்டை, காதில் சின்னத் தோடு. நாம் பேசினால் கேட்பாள், தலையாட்டுவாள், ஓரிரு சொல் சொல்வாள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவர்கள், சொல் திக்குகிறவர்கள், நேர்காணலை நினைத்தாலே வியர்க்கிறவர்கள் இவளிடம் பேசிப் பழகட்டும் என்பதற்காக உருவாக்கியது. மற்றவர்கள் அவளைப் பொம்மை என்பார்கள். புள்ளியக்காவுக்கு மட்டும் அவள் "நம்ம பொண்ணு".

நான் அங்கே முதலில் போனது ஆராய்ச்சிக்குக் கண் கொடுக்க. பேசி முடித்ததும் புள்ளியக்கா என் பார்வையின் வரைபடத்தைக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகத்தில் நான் பார்த்த இடமெல்லாம் தணலாகக் கனியும் என்றார். கண்களில் ஒன்றுமில்லை. உதட்டில் ஒன்றுமில்லை. இடது காதில் மட்டும் ஒரு சின்னத் தீ எரிந்துகொண்டிருந்தது.

"தோடு புடிச்சிருக்கா தம்பி? எங்க வாங்கினதுன்னு கேட்டுச் சொல்லவா?"

எனக்கு என் காதுதான் சிவந்தது. அவர் அதைப் பார்க்காததுபோல் திரும்பி, என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கவிதைத் தொகுப்பை உருவிப் புரட்டினார். "என்ன, பாதிப் பக்கம் காலியா இருக்கு?" என்றார். பிறகு ஒரு பக்கத்தில் நின்று, உதடு அசையப் படித்துவிட்டு, "கம்மியா எழுதத் தெரிஞ்சவங்கதான் எங்களுக்கு வேணும்" என்றார். இப்படியாக அந்தப் பெண் பேசும் சொற்களை எழுதும் வேலை எனக்கு வந்தது. கேட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தி என்ன பேசிவிடப் போகிறாள்? "ம்." "அப்புறம்?" "அப்படியா." "அது கஷ்டம்தான்." ஒரு "அப்புறம்" எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்று ஒரு வாரம் முழுக்க யோசித்திருக்கிறேன். நவீன கவிதை வாசிக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்துவிடாது.

அந்த அறையின் மதியங்கள் எனக்குப் பிடித்துப்போயின. முன்னே யாரோ ஒருவர் இருட்டில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது அந்தப் பெண்ணின் புருவத்தில் அமரும், மூக்கு வழியாக இறங்கும், உதட்டோரம் தயங்கும், எழுந்து தோளுக்குப் போகும். அமர இடம் தேடும் பூச்சிபோல அலையும். பேசுகிறவர் பழைய நினைவு ஒன்றைத் தேடும்போது புள்ளி மேலே மேலே போய், திரையின் விளிம்பைக் கடந்து, கேமராவுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். பெண் மட்டும் முகம் காட்டிக் காத்திருப்பாள்.

"இப்ப வீட்டுக்குப் போயிருக்காரு" என்பார் புள்ளியக்கா காதோரம். "விடுங்க, வந்துடுவாரு."

வந்துவிடுவார். புள்ளி மெதுவாக விளிம்பில் தலைகாட்டி, நேராகப் பெண்ணின் கண்ணுக்கு வந்து நிற்கும். அப்போதுதான் அவர் சொல்ல வந்ததைச் சொல்வார்.

பார்வை பற்றி ஊரில் புழங்கும் ஞானம் எதையும் புள்ளியக்கா ஏற்பதில்லை. "பொய் சொல்றவங்க கண்ணப் பாக்க மாட்டாங்கன்னு யாரோ கெளப்பி விட்டிருக்காங்க. பொய் சொல்றவங்கதான் நல்லாப் பாப்பாங்க. நாம நம்பறமான்னு தெரிய வேணாமா?" மின்தூக்கியில் ஏறினால் கதவுக்கு மேலே ஓடும் எண்களைப் பார்க்காமல் மற்றவர்கள் எப்படி அந்த எண்களைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். "ஏழு பேரு ஒரு பெட்டிக்குள்ள நிக்கறோம், ஏழு பேரும் அந்த நம்பர என்னமோ பரீட்சை ரிசல்ட் மாதிரி பாக்கறோம்." திரைப் பெண்ணிடம் பேசிவிட்டு எழுந்து போகும்போது "வரேம்மா" என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவருக்கு அலுக்காது. ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திரை அணையும்வரை எழுந்திருக்கவே மாட்டாராம். பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போவது மரியாதை இல்லையாம்.

நான்கு மணிக்கு அவருடைய அம்மாவிடமிருந்து தொலைபேசி வரும். அம்மாவும் மகளும் மட்டும்தான் வீட்டில். கைப்பேசியைக் காதில் வைக்காமல் மேசைமேல் வைத்து ஒலியைத் திறந்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே பேசுவார்.

"உன் பொண்ணு என்ன பண்றா?"

"இருக்கா. இன்னிக்கு மூணு பேரு வந்து பேசினாங்க."

"கூலியில்லாம ஊரு கதையெல்லாம் கேக்கறா. நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு நேராப் பாத்து வேல செய்."

"சரிம்மா." இந்த "சரிம்மா" மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே சுருதியில் இருக்கும்.

சில பழக்கங்கள் எனக்குப் புரியாமல் இருந்தன. கூட்டம் என்றால் எல்லோருக்கும் முன்னால் போய் மேசையின் இடக்கோடியில் உட்கார்ந்துவிடுவார். புகைப்படம் என்றால் கைப்பேசியை வாங்கி, "குடுங்க, நான் எடுக்கறேன்" என்பார். யாராவது மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது, சரியாக அது ஆழமாகப் போகும் இடத்தில், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். பேசியவருக்குச் சப்பென்று போய்விடும். நானும் ஆரம்பத்தில் அதை அலுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

திரைப் பெண் உண்மையில் இரண்டு பேர். முகம் ஒன்று, குரல் ஒன்று, என் "அப்புறம்" ஒன்று. கண்கள்தான் வேறு. ஒருத்தியின் கண்களுக்குக் கணக்குப் போட்டு விதி எழுதியிருந்தது: இவ்வளவு நேரம் பார், இமை, மீண்டும் பார். இன்னொருத்தியின் கண்கள் உண்மையான ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருந்தபோது பதிவு செய்தவை. புள்ளியக்கா முதலாமவளைப் பெரியவள் என்பார், இரண்டாமவளைச் சின்னவள். வந்தவர்களுக்கு யார் எவள் என்று தெரியாது. ஆனால் சின்னவளிடம் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். திக்கிப் பேசுகிறவர்களின் திக்கல்கூட அவளிடம் குறைந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "அவங்க நான் சொல்றத உள்ள வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார் ஒருவர். "எங்க அக்கா மாதிரி" என்றார் இன்னொருவர்.

"பெரியவ ரொம்ப ஒழுங்கு" என்பார் புள்ளியக்கா. "கண்ண எடுக்காம பாப்பா. பாத்தா பயந்துக்குவாங்க. சின்னவகிட்டதான் எல்லாரும் ஒட்டிக்கறாங்க." அதைச் சொல்லும்போது ஒரு தாயின் ஓரவஞ்சனை குரலில் இருக்கும். சின்னவளை நம்பித்தான் அவருடைய இரண்டு வருட வேலையும் நின்றது.

அந்தப் பெண்களின் முகத்தை அசைய வைப்பது கம்ப்யூட்டர்காரரின் வேலை. நாற்பதை நெருங்கும் ஆள். வாயைத் திறந்தால் கிண்டல். ஒருநாள் பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காகச் சின்னவளின் முகத்தைச் சுவர் முழுக்க விரித்தார். கதவளவு பெரிய கண்கள். எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருக்கையில் அவளுடைய இடது கண்மணி மட்டும் மெல்ல வெளிப்பக்கமாக நழுவியது. கட்டு அவிழ்ந்த படகு கரையைவிட்டு விலகுவதுபோல, அவசரமில்லாமல். வலது கண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு நேரம். பிறகு இமைத்தாள், இரண்டும் சேர்ந்துகொண்டன.

"அக்கா, உங்க சின்ன பொண்ணுக்குக் கண்ணு எங்கயோ மேயப் போகுது" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். புள்ளியக்கா காலியாக இருந்த கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போனார். அன்று மணி நான்கு ஆகியிருக்கவில்லை.

கம்ப்யூட்டர்காரர் தன் நிரலில்தான் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடினார். அங்கே ஒன்றுமில்லை. பதிவிலேயே அப்படித்தான் இருந்தது. பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னார். நல்ல மனிதர், யார் மனமும் நோகாமல் பேசுகிறவர். "யாரும் தப்பு பண்ணல. கருவி ஏமாத்திடுச்சு. பழுதான பதிவ வெச்சு நாம எதுவும் சொல்லக்கூடாது. சின்னவகிட்ட பேசினவங்க பேச்சு எல்லாத்தையும் ஒதுக்கிடலாம். பெரியவளோட போவோம். அடுத்த கூட்டத்துல முடிச்சுடலாம்."

மேசையின் இடக்கோடியில் புள்ளியக்கா தலையாட்டினார்.

மறுநாள் படிக்கட்டு முனையில் இருந்த ஜன்னலோரம் தேநீரோடு நின்றிருந்தவர், நான் பக்கத்தில் போனதும் வெளியே பார்த்தபடியே சொன்னார்: "தம்பி, அது கருவி இல்ல. அது என் கண்ணு."

சின்னவளுக்கான கண்களைப் பதிவு செய்த அன்று, அதற்கு ஒப்புக்கொண்ட ஆள் வரவில்லையாம். எதிரே பேசுவதற்கு வந்திருந்த தையல் கடைக்காரப் பெண் காத்திருந்திருக்கிறார். திருப்பி அனுப்ப மனமில்லாமல் புள்ளியக்காவே கேட்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக ஒருவர் உட்கார, இன்னொருவர் பக்கத்துத் திரையில் இரண்டு கண்ணின் புள்ளிகளும் ஒன்றாக விழுகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். அன்று அறையில் வேறு யாரும் இல்லை. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார முடியுமா? சரிபார்க்காமலே பதிவு ஓடியது. தையல்காரப் பெண் தன் கடை வந்த கதையைச் சொல்லச் சொல்ல, இவர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"சின்ன வயசிலேருந்து இருக்கு. எப்பவும் வராது. களைப்பா இருந்தா வரும். இல்லன்னா, யாராவது சொல்றத முழுசா கேட்டுட்டிருந்தா வரும். கண்ணப் புடிச்சு நேரா வெச்சுக்கறதுக்கும் ஒரு கவனம் வேணும் பாருங்க, அந்தக் கவனமும் அவங்ககிட்டப் போயிடும். உடனே அது அவுந்துக்கும்." அவர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல டீச்சரையே பாத்துட்டிருப்பேன். 'எங்கடி பாக்கற'ன்னு அடி விழும்."

எனக்கு எழுதத் தெரிந்த "ம்" மட்டும் சொன்னேன்.

"ஒருத்தர் கொஞ்ச நாள் என்கூடப் பேசிட்டிருந்தார். நல்ல மனுஷன். கல்யாணம் வரைக்கும் வந்துச்சு. ஒருநாள் அவங்க அப்பா சாவப் பத்திச் சொல்லிட்டிருந்தார். பாதியில நிறுத்திட்டார். 'நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல, நீங்க வேற எங்கயோ இருக்கீங்க'ன்னார். எந்திரிச்சுப் போயிட்டார். நான் அப்பதான் தம்பி அவர்கிட்டயே இருந்தேன்."

அதற்குப் பிறகுதான் கண்ணாடி துடைக்கும் பழக்கம் வந்ததாம். கண் நழுவப்போவது முன்கூட்டியே தெரியுமாம், விளக்கு அணைவதற்கு முன் ஒருமுறை மினுக்குவதுபோல. அதற்குள் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் கண்களையே ஆராயும் மனிதர்களுக்கு நடுவில், கண்ணைப் படம்பிடிக்கும் கேமராக்களுக்கு நடுவில், இப்படியே ஒளித்து வைத்திருக்கிறார்.

"சொல்லாம விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது. கருவிமேல பழி. சின்னவ போயிடுவா. அவகிட்டப் பேசினவங்க பேச்சும் போயிடும்." தேநீரை ஜன்னல் திட்டில் வைத்தார். "சொன்னா அவ இருப்பா. ஆனா அன்னிலேருந்து என்கிட்டப் பேசறவங்க எல்லாரும் என் கண்ணத்தான் பாப்பாங்க, எப்ப ஓடும்னு. என்னத்த சொல்றது, பாக்காதீங்கன்னா?"

கூட்டத்தன்று அவர் இடக்கோடிக்குப் போகவில்லை. கறுப்புத் திரைச்சீலை அறையிலேயே எல்லோரும் கூடட்டும் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் நுழைந்தபோது வருகிறவர்களுக்கான நாற்காலியில், தாடையைத் தாங்கியில் வைத்துக் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது அதுவே முதல்முறை. தூங்கி எழுந்த குழந்தையுடையது போலிருந்தது.

"சார், அது கருவி இல்ல" என்றார். "சின்னவளுக்குக் கண்ணு குடுத்தது நான். சரிபாக்காம ஓட்டினதும் நான்தான். என் இடது கண்ணு நழுவும். இப்பக் காட்டறேன்." என் பக்கம் கையசைத்தார். நான் பக்கத்துத் திரையில் அவர் எதிரே தெரியும் அறையின் படத்தை வரவழைத்து, அதன்மேல் அவர் பார்வை இரண்டு புள்ளிகளாகத் தெரியும்படி மாற்றினேன். வலது கண்ணுக்குச் சிவப்பு, இடது கண்ணுக்கு நீலம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊதா நிறத்தில் நின்றன. "ஆனா சும்மா வராது. யாராவது எனக்கு ஏதாவது சொல்லணும்."

என்ன சொல்வது? பேராசிரியர் தொண்டையைச் செருமினார். நான் வழக்கம்போல் காலணியைப் பார்த்தேன். கடைசியில் கம்ப்யூட்டர்காரர்தான் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"சரி, கேளுங்க. ஒரு ஆள் கம்ப்யூட்டர் வாங்கப் போனானாம்..."

ஊதாப் புள்ளி கம்ப்யூட்டர்காரரின் நெற்றியில் அசையாமல் நின்றது.

"இது வேணாம்" என்றார் புள்ளியக்கா. "நெசமா ஏதாவது சொல்லுங்க."

"நெசமான்னா?"

"உங்களுக்கு நெசமா இருக்கறது."

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு கிண்டலுக்கு வாயெடுத்ததும் தெரிந்தது, அது வராமல் போனதும் தெரிந்தது.

"என் பொண்ணு அவ அம்மாகூட வேற ஊர்ல இருக்கா, தெரியுமில்ல" என்றார். "ஞாயித்துக்கெழம வீடியோ போடுவாங்க. ஏழு வயசு. பேசுவா, எல்லாம் பேசுவா. ஆனா என்னப் பாக்க மாட்டா அக்கா. அந்த மூலைல சின்னதா அவ மூஞ்சி தெரியும்ல, அதையே பாத்துட்டுப் பேசுவா. முடிய இப்படித் தள்ளிக்குவா, பல்லக் காட்டிப் பாத்துக்குவா. கொழந்தைங்க அப்படித்தான், எனக்குத் தெரியும். நான்தானே இந்த வேலையே பண்றேன்." நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "போன வாரம் நான் என்ன பண்ணேன்னா, என் கேமராவ ஒரு துணியால மூடிட்டேன். கருப்பா இருக்குமே, கேப்பாளான்னு. கேக்கல. கடைசி வரைக்கும் பேசிட்டு, பை சொல்லிட்டு வெச்சுட்டா. நான் இருட்டுலேருந்தே பை சொன்னேன்."

அவர் குரல் தணிந்துகொண்டே வந்து நின்றது. பக்கத்துத் திரையில், அந்த ஊதாவிலிருந்து நீலம் தனியாகப் பிரிந்தது. சிவப்பு அவர் முகத்திலேயே இருக்க, நீலம் மட்டும் ஓசையில்லாமல் இடப்பக்கம் மிதந்து, அவர் தோளைத் தாண்டி, எங்கள் எல்லோரையும் தாண்டி, அறையின் இருட்டுக்குள் போயிற்று. எதையோ தேடிப் போனதுபோல் இருந்தது. ஒருவேளை அந்தக் குழந்தை இருக்கும் ஊருக்கே போயிருக்கும்.

திரையை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர்காரர் ஒருவர்தான் திரையைப் பார்க்கவில்லை. அவர் புள்ளியக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கண்ணைப் பார்ப்பது என்ற குழப்பம் அவரிடம் இல்லை.

"அவ்வளவுதான்" என்றார்.

"அடுத்த வாரம் துணியப் போடாதீங்க" என்றார் புள்ளியக்கா. நீலம் திரும்பி வந்து சிவப்பின்மேல் படிந்தது.

பேராசிரியர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "அப்போ அவ கேட்டுட்டுதான் இருந்திருக்கா."

சின்னவள் தப்பினாள். அவளிடம் பேசியவர்களின் பேச்சும் தப்பியது. ஆய்வுக் கட்டுரையில் பதிவு எடுத்த முறையைச் சொல்லும் பகுதியில் ஒரு வாக்கியம் சேர்ந்தது: பதிவுக்கு உட்கார்ந்தவர் இக்கட்டுரையின் ஆசிரியர், அவர் கவனத்தோடு கேட்கும்போது அவரது இடது கண் வெளிப்புறமாக விலகும். புள்ளியக்கா அதை எழுதி, மொழியைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். நான் ஒரு சொல்லையும் தொடவில்லை.

அவர் பயந்தது பாதி நடந்தது. முதல் சில நாட்கள் எல்லோரும் அவரிடம் பேசும்போது இடது கண்ணைத்தான் பார்த்தோம். அது ஓடவில்லை என்றால் நாம் சொல்வதில் சுவையில்லையோ என்று சந்தேகம் வேறு வந்துவிட்டது. "என்னக்கா, இன்னிக்குக் கண்ணு மேயப் போகலையா?" என்பார் கம்ப்யூட்டர்காரர். "நீங்க சொல்றது அவ்வளவு மொக்கையா இருக்கு" என்பார் இவர். பிறகு எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. கண்ணாடியை இப்போதும் துடைக்கிறார், அழுக்கானால் மட்டும். கூட்டங்களில் எந்த நாற்காலி காலியோ அதில் உட்காருகிறார்.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுரை அச்சாகியிருந்தது. அம்மா என்னைப் பார்க்க வேண்டுமென்று சொன்னதாகக் கூப்பிட்டிருந்தார். நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. மெல்லிய ஜன்னல் துணி காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் குரலாக மட்டும் தெரிந்த அம்மா, தடித்த கண்ணாடி போட்ட, ஒல்லியான, சுறுசுறுப்பான ஒருவராக வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நீங்கதான் 'அப்புறம்' எழுதற தம்பியா?"

"ஆமாம்மா."

"அதுக்குப் படிச்சிருக்கணுமா?"

புள்ளியக்கா சமையலறையிலிருந்து சிரித்தார். தேநீர் வந்தது. அம்மா என் வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் பொதுவாக இரண்டு வரியில் முடித்துவிடுகிறவன். அன்று எப்படியோ என் அண்ணனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அண்ணனும் நானும் வருடக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீட்டில் இருந்தபோது ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். எதற்காகப் பேச்சு நின்றது என்பது இருவருக்கும் இப்போது மறந்துவிட்டது, ஆனால் யார் முதலில் பேசுவது என்பது மட்டும் மறக்கவில்லை. போன மாதம் ஒரு பேருந்து நிலையத்தில் அவனைத் தூரத்தில் பார்த்தேன். அவனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேருந்து நேரம் காட்டும் பலகையைப் பார்க்கத் தொடங்கினோம்.

இதைச் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் இடது கண் மெல்ல, மிக மெல்ல, ஜன்னல் பக்கமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. வலது கண் என்மேலேயே இருந்தது.

நான் நிறுத்தியதும் அவருக்கு உறைத்துவிட்டது. இமைக்கக்கூட இல்லை. கையிலிருந்த தேநீர்க் கோப்பையை, குடிக்கப் போகிறவர்போல, கண் மறையும் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டார். எத்தனையோ வருடமாகச் செய்து பழகிய கை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புள்ளியக்கா அம்மாவைப் பார்க்காமலே கையை நீட்டி, அந்தக் கோப்பையை மெதுவாக வாங்கினார். "ஆறிப் போச்சும்மா, குடு" என்று சொல்லிக் கைக்கு எட்டாத தூரத்தில், மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். அதிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.